மாத்திரை அட்டையில் ஒரு கேஸ்கெட்

தெருவில் அவனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டரைக் கழற்றி, அழுக்கெடுத்து, தேய்ந்ததை மாற்றி, வண்டியை மறுபடியும் மூச்சு விட வைப்பது அவன் தொழில். கம்பெனியே மறந்துபோன மாடலுக்கும் அவனிடம் சாமான் கிடைக்கும். பழைய இரும்புக் கடைகளில் உடைந்த கார்புரேட்டர்களை மூட்டையாக வாங்கிவந்து, உயிரோடிருக்கும் ஜெட், ஊசி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் பிரித்துத் தகர டப்பாக்களில் போட்டு வைத்திருந்தான். புதுசு கிடைத்தால் புதுசு. இல்லையென்றால் ஒன்றின் குடலை எடுத்து இன்னொன்றுக்கு வைப்பான்.

கைக்குச் சமமாக வாயும் ஓடும். ஒரு கார்புரேட்டரைத் திறந்தால், தனக்கு முன்னால் அதில் கை வைத்தவனை நாலு வார்த்தை கிண்டலடிக்காமல் அவனுக்கு வேலையே ஓடாது. அதைக் கேட்பதற்கென்றே ஆள் இருந்தது. ஒயரிங் வேலை பார்க்கும் மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி, எப்போதும் கூடவே இருப்பான். ரொட்டி வண்டி டிரைவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ கிளாஸோடு வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் காலை ஒரு பெண் துணிப்பையில் கார்புரேட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நர்ஸ் உடுப்பில் இருந்தாள். வீட்டுக்காரருடைய வண்டி, இப்போது வேலைக்குப் போக நான்தான் ஓட்டுகிறேன், பெட்ரோல் ஒழுகுகிறது, போகப் போக இருமுகிறது என்றாள். கடைசியாக யார் பிரித்தது என்று கேட்டான். கொஞ்சம் தயங்கி, தெரிந்தவர்கள் என்றாள்.

அடிக்கிண்ணத்தைக் கழற்றியதும் டாக்டருக்குக் குஷி வந்துவிட்டது. பெட்ரோல் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் இருக்கவேண்டிய இடத்தில், மாத்திரை டப்பாவின் அட்டையை வெட்டி வைத்திருந்தார்கள். பெட்ரோலில் ஊறிப்போன அட்டையில் எழுத்துகூட அழியவில்லை. அதைத் தூக்கிப் பிடித்தான்.

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு போட்டிருக்கு. வண்டி இருமுதுன்னீங்களே, மருந்து உள்ளேயேதான் இருக்கு."

மச்சானும் டிரைவரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அது அவனுக்கு இன்னும் தெம்பைக் கொடுத்தது. பெட்ரோல் மட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் மிதவையை எடுத்தான். ஓட்டையை அடைக்க ஈயத்தை அப்பியிருந்தார்கள். இது மிதக்கிறதற்கா, மீன் பிடிக்கிறதற்கா என்று கேட்டான். மிதவையைத் தாங்கும் பின் சைக்கிள் கம்பியில் அறுத்தது, ஒரு பக்கம் கோணலாக ராவியிருந்தது.

"இதைப் பண்ணவரு கையால பண்ணாரா, காலால பண்ணாரா?"

டிரைவருக்குப் புரையேறியது. அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு, சரி பண்ணி வையுங்கள் என்று மட்டும் சொல்லி, போன் நம்பரை எழுதிவைத்துவிட்டு வெளியே போனாள்.

துணிப்பையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு, சிரித்த வாய் மூடாமல் பின்னாலேயே போனான். கடைக்கு எதிரிலேயே ஒரு டாக்ஸி நின்றிருந்தது. கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவரின் வலது கை, யாரோ எடுத்து வைத்ததைப் போல மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. இடது கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஈயம் பற்றவைத்துச் சுட்டுக்கொண்ட காயங்கள், இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்தன.

அவர் ஒவ்வொரு சொல்லாகக் கோத்துக் கேட்டார். "அந்தப் பின்னு... தடியா இருந்துச்சா?"

"எந்தப் பின்னு?" என்று கேட்டுவிட்டுத்தான் டாக்டருக்குப் புரிந்தது. கடையிலிருந்து இங்கே வரைக்கும் பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"பரவாயில்லண்ணே" என்றான். என்ன பரவாயில்லை என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கடைக்குள் மச்சான் இன்னும் அந்த அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். டாக்டர் அதை வெடுக்கென்று பிடுங்கினான். ஏன் மாமா என்று கேட்டவனிடம் டாக்ஸியில் இருந்தவரைப் பற்றிச் சொன்னான். டிரைவர் கிளாஸை வைத்துவிட்டு, ரொட்டி ஆறிப்போகும் என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டில் மனைவி திட்டவில்லை. என்னதான் சொன்னீர்கள், அப்படியே சொல்லுங்கள் என்றாள். மருந்து, மீன், எல்லாம் சொன்னான். கை, கால் என்று கேட்டதை மட்டும் விட்டுவிட்டான். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமலே, "தம்பி அதையும் சொல்லிட்டான்" என்றாள்.

மறுநாள் கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தான். அவர் செய்ததில் எதையாவது உள்ளேயே விட்டுவிடவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பின்னை உப்புத்தாளில் தேய்த்து இளைக்கவைத்துப் பார்த்தான். மிதவை அப்போதும் கனத்தில் கீழேயே நின்றது. பெட்ரோல் நிரம்பி வழிந்தது. சூடான இன்ஜின் மேல் சொட்டும் பெட்ரோலோடு அந்தப் பெண் தினமும் ரோட்டில் போவதை நினைத்ததும் கையை எடுத்துவிட்டான். உடைந்த கார்புரேட்டர் ஒன்றிலிருந்து நல்ல மிதவையும் அதன் பின்னும், புது ஊசி, புது கேஸ்கெட், எல்லாம் போட்டான். பழையதைத் தட்டில் ஒதுக்கி வைத்தான்.

நாலு நாளாகியும் அவள் அதை வாங்க வரவில்லை. போன் போட்டான், எடுக்கவில்லை. ஒயரிங் சாமான் கொடுக்கப் போன மச்சான் அவள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தான். டாக்டரே கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு போனான்.

கீழ்த்தள வீடு. கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், அதன்மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. பல வருஷம் லேத் பட்டறையில் நின்ற மனிதர் என்றும், பக்கவாதம் வந்து படுத்தபின் முதன்முதலாகக் கை வைத்தது அந்தக் கார்புரேட்டரில்தான் என்றும் அவள் வாசலிலேயே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கடைக்கு வந்துபோனதிலிருந்து அந்த மேஜைப் பக்கமே அவர் போகவில்லை என்றாள்.

நடையில் நின்ற வண்டியில் கார்புரேட்டரை மாட்டினான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. அணைத்துவிட்டு டாக்டர் திரும்பினான். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது வாயில் தயாராக இருந்தது.

"கேஸ்கெட் மட்டும்தாண்ணே மாத்தினேன். மத்ததெல்லாம் நீங்க பண்ணபடியே விட்டுட்டேன். பத்தவச்சது பிரமாதம். எனக்கே வராது."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. புருஷனைப் பார்த்தாள்.

அவர் இடது கையை நீட்டி ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். டாக்டர் கொடுத்தான். அவர் குனிந்து பெட்ரோல் குழாயை மூடினார். அடிக்கிண்ணத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். நழுவியது, மறுபடியும் வைத்தார். டாக்டர் உதவக் கை நீட்டியபோது அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். கிண்ணம் கையோடு வந்தது. பெட்ரோல் முழங்கை வரை வழிந்தது. உள்ளே பளபளவென்று புது ஊசி. ஈயத்தின் சுவடே இல்லாத மிதவை.

அவர் அதை நன்றாகப் பார்த்தார். பிறகு பேசினார். நேரம் எடுத்தது.

"கடையில நீங்க பேசினது என் வேலையைப் பத்தி. கேக்கக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா வேலையைத்தான் பேசினீங்க. இப்ப பேசினது... என்னைப் பத்தி."

டாக்டருக்குக் காதெல்லாம் சுட்டது. கதவு எங்கே என்று கண் தேடியது. அவள் முகத்தில் சற்றுமுன் வந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை. அதைப் பார்க்கப் பயந்து, தரையிலேயே குந்தி உட்கார்ந்தான்.

"இப்ப சொல்லுங்க, என்ன தப்பு?" என்றார் அவர்.

சொன்னான். பின் தடியாக இருந்ததால் மிதவை சிக்கிக்கொண்டது. ஈயம் ஒரு பொட்டு வைத்தால் போதும், அப்பினால் கனம் ஏறி மிதவை மேலே வராது, பெட்ரோல் வருவது நிற்காது. அட்டை ஊறி உப்பிவிடும், அதற்கென்று இருக்கும் ஷீட்டில்தான் வெட்டவேண்டும். கிண்டல் இல்லாமல், சர்க்கரை தடவாமல் சொல்வது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு தடவை வாய் குழறியது. அவர் குறுக்கே கேள்வி கேட்டார். எவ்வளவு கனம் என்றால் அதிகம்? ஓட்டையை அடைக்கும் முன் உள்ளேயிருக்கும் பெட்ரோலை எப்படி எடுப்பது? வெந்நீரில் முக்கினால் ஆவியாகி ஓட்டை வழியே வந்துவிடும் என்றான். அவர் தலையாட்டினார்.

கழற்றியதை மாட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்டான். நானே மாட்டிக்கொள்கிறேன், என் மிதவையைக் கொடுத்தனுப்புங்கள் என்றார் அவர்.

எழுந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவர் ஏற்கெனவே திருகாணியைத் தேடிக் குனிந்திருந்தார்.

அவள் வாசல் வரை வந்தாள். "நானும் சிரிச்சேன். பாத்தீங்கல்ல?" என்றாள்.

அவன் குனிந்து செருப்பை மாட்டினான்.

"டாக்ஸியிலேர்ந்து உங்க முகம் அவருக்குத் தெரிஞ்சிருக்காது. என் முகம்தான் தெரிஞ்சுது. எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு சிரிச்சுட்டேன். அதை அவர் இன்னிவரைக்கும் கேக்கல." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இனிமே இங்க வராதீங்கண்ணா. அந்தச் சாமானை நானே வந்து வாங்கிக்கிறேன்."

அந்த வாரமே வந்தாள். மச்சான் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. மிதவையையும் பின்னையும் காகிதத்தில் பொட்டலம் கட்டி, கூடவே கேஸ்கெட் ஷீட் ஒரு துண்டையும் வைத்துக் கொடுத்தான். அவள் ஷீட்டைத் திருப்பித் தரவில்லை. அவர் வேலை செய்கிறாரா என்று கேட்க நினைத்தான். கேட்கும் தகுதி தனக்கில்லை என்று பட்டது.

போகும்போது அவளே திரும்பிக் கேட்டாள். "அவர் கூப்பிட்டா வருவீங்களா?"

"உடனே வர்றேன்மா."

"கூப்பிட மாட்டாரு. தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

அவர் கூப்பிடவில்லை. சாமான் எடுக்கப் பழைய இரும்புக் கடைக்குப் போகும் நேர்வழி அந்த வீட்டு வாசல் வழியாகத்தான். டாக்டர் இப்போதும் அதற்கு முந்தின தெருவிலேயே திரும்பி, சுற்றிக்கொண்டுதான் போகிறான். ஏன் மாமா சுத்துறீங்க என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் மச்சான் கேட்பதில்லை.