ஒருவரும் காணாத அறுப்பு

பெரு வெள்ளத்துக்கு முந்தின வருசம். கல்முனைச் சந்தையடியில் இறைச்சிக் கடை வைத்திருந்த சாலிஹ், தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டான். அப்படித்தான் ஊர் சொன்னது. ஊருக்கென்ன, சொல்லும்.

நடந்தது இதுதான். வரிப்பத்தான்சேனையில் வாங்கிவந்த நாம்பன் மாடு விடியற்காலையில் சுருண்டு விழுந்தது. பதறிப்போய்க் கத்தியை எடுத்து, பிஸ்மி சொல்லி அறுத்தான். கால் உதறவில்லை. இரத்தம் பாயாமல் கசிந்தது. கத்தி படுமுன் உயிர் போயிருந்தால் அந்த இறைச்சி ஹறாம், தின்னக்கூடாது. போனதா, இருந்ததா? கண்டவர் யாருமில்லை. மனைவி நபீஸா மவுத்தான பிறகு அந்த வீட்டு வளவில் அவனைத் தவிர மனித வாடையே கிடையாது. வெட்டித் தொங்கவிட்டிருந்தால் ஊரே சப்புக்கொட்டித் தின்றிருக்கும்.

"உயிர் இருந்திச்சோ எண்டு எனக்குச் சந்தேகம். இண்டைக்கு இறைச்சி இல்ல," என்று கடை வாசலில் நின்று சொல்லிவிட்டு, மாட்டைப் புதைத்தான்.

மெச்சினார்களா? அதுதான் இல்லை. "இண்டைக்குச் சொன்னான். மற்ற நாளையில?" என்று தேத்தண்ணிக் கடையில் மீராமுகைதீன் கிளப்பிவிட்டார். அவ்வளவுதான், சனம் அடுத்த கடைக்கு மாறியது.

சாலிஹ் ரோசக்காரன். வளவின் கிடுகு வேலியைப் பிரித்தெறிந்தான். "விடிய சுபஹுத் தொழுதிட்டு வந்து பாருங்க. எல்லார்ர கண்ணுக்கு முன்னாலயும் அறுக்கன்," என்று பள்ளிவாசலடியில் சொன்னான். காக்கை குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. வெறும் தெருவைப் பார்த்து உரத்துப் பிஸ்மி சொல்லி ஆடு அறுத்தான். பகலெல்லாம் ஈ விரட்டினான். கடை படுத்ததைவிட, வாய் திறந்து கதைக்க ஓர் ஆள் இல்லாததுதான் அவனை வாட்டியது. இந்த வெள்ளியோடு கடையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடுவதென்று முடிவுகட்டினான்.

அந்த வெள்ளி, வெயிலேறிய பிறகு, றுகையா வந்தாள். சாய்ந்தமருதுக்காரி, பேரம் பேசியே உயிரை வாங்குகிறவள்.

"ஒரு றாத்தல் போடு தம்பி. எலும்பை என்ட தலையில கட்டாத."

"அறுக்கக்குள்ள வந்திருக்கலாமே ராத்தா. பார்த்திருப்பீங்க."

"என்னத்துக்குப் பார்க்க? ஆரும் பார்க்காத அண்டைக்குத்தானே நீ சொன்னாய்."

சாலிஹ் கத்தியை எடுத்தான். தொடை இறைச்சியாகப் பார்த்து வெட்டி இலையில் சுற்றிக் கொடுத்தான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ராத்தா, அவசரமா போறீங்களா?"

"ஏன்?"

"ஒண்டுமில்ல. கொஞ்சம் இருந்திட்டுப் போங்க. சும்மா என்னத்தையாவது கதைங்க."

றுகையா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, சந்தையில் மீன் விற்கிற விலையைப் பற்றிப் புறுபுறுக்கத் தொடங்கினாள்.