விதி ஏழும் கிரீஸ் என்ற பூனையும்

அன்று காலை பதினோரு மணிக்குள் லிஃப்ட்காரருக்கு மூன்று முறை ரத்தம் கொதித்துவிட்டது. லிஃப்டின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது பாவம், ஆறாவது மாடியில் கதவு மூடாமல் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். தேய்ந்த உருளையை மாற்றினால் ஓடிவிடும். அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது சட்டைப் பையில் இருந்த ஃபோன்.

"நாலுகால் வீடு" என்று ஒரு குழு. நாயும் பூனையும் வளர்க்கிற முப்பத்தெட்டாயிரம் பேர் அதில் இருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இவர்தான் ஆரம்பித்தார். ஒரு லிஃப்டின் அடிப்பள்ளத்தில் கையளவு பூனைக்குட்டி ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் கிரீஸ் அப்பி, இடது காதில் ஒரு துண்டு போயிருந்தது. அதற்கு என்ன கொடுப்பது என்று நாலு பேரைக் கேட்கப் போய், அந்த நாலு பேர் நானூறாகி, நாலாயிரமாகி இப்படி வளர்ந்து நின்றது. குட்டிக்குக் கிரீஸ் என்றே பெயர் வைத்து மகள் வளர்த்தாள். வேலை கிடைத்துப் பக்கத்து ஊருக்குப் போனபோது தன் துணிமணியை மறந்தாலும் மறந்திருப்பாள், கிரீஸை மறக்கவில்லை.

அந்த மகளோடு அவர் பேசி ஆறு மாதம் ஆகிறது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மகள் வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், முட்டை எதுவும் கிடையாது. சரி, அவள் நாக்கு, அவள் வயிறு. ஆனால் கிரீஸுக்கும் பருப்பும் பட்டாணியும் பூசணியும் வேகவைத்துப் போடுகிறாள் என்று தெரிந்த நாளில் இவர் குதித்த குதியில் ஃபோனே சூடாகிவிட்டது. "பூனை என்ன, உன் கொள்கையில கையெழுத்துப் போட்டுச்சா?" என்று கத்தினார். "அதுக்கு ஒரு குறையும் இல்லப்பா, எப்படி ஓடுது பாருங்க" என்று அவளும் விடவில்லை. கடைசியில் இவர், "அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் மூஞ்சியில முழிக்காதே!" என்று சொல்லி வைத்துவிட்டார். மனைவி அன்றைக்கே சொன்னாள்: "ஏங்க, இதெல்லாம் ஒரு பேச்சா? நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க." அவர் கூப்பிடவில்லை. வீம்பு. அவளும் கூப்பிடவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

வீட்டுச் சண்டை போதாதென்று குழுவிலும் அதே சண்டை. கறி கோஷ்டி ஒன்று, கீரை கோஷ்டி ஒன்று. யாராவது நாய்க்குட்டி தூங்குகிற படம் போட்டால்கூட, "என்ன சாப்பிட்டுத் தூங்குது?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். அவ்வளவுதான், முந்நூறு கமெண்ட். கொலைகாரன் என்பான் ஒருவன், பட்டினி போடுகிற பாவி என்பான் இன்னொருவன். மாற்றி மாற்றி அம்மாவையும் அப்பாவையும் இழுப்பார்கள். நாய்க்குட்டியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். இவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு, ஒரு கையில் ஸ்பேனரும் ஒரு கையில் ஃபோனுமாக அழித்துக்கொண்டே இருப்பார். அழிக்க அழிக்க முளைக்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு விதி ஏழைக் கொண்டுவந்தார். குழுவில் சைவம், வீகன், கறி என்ற பேச்சே கூடாது. மீறினால் ஒரு மாதம் வாய்க்கட்டு, எதுவும் எழுத முடியாது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, அந்தச் சொற்களைத் தேடி எடுத்து, எழுதிய அறுபத்துமூன்று பேரின் வாயையும் ஒரே மூச்சில் கட்டினார். யார் என்ன எழுதினார்கள் என்று ஒரு வரி படிக்கவில்லை. படித்தால் தலைவலி வருகிறதே! முறையிட விரும்புகிறவர்களுக்கு ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் என்ன விழுந்தாலும் தானாகவே ஒரு பதில் போகும்படி செய்துவைத்தார்: "உங்கள் முறையீடு கிடைத்தது. விதி ஏழை மீண்டும் படிக்கவும். இப்படிக்கு, நிர்வாகம்." அந்த வாசகத்தை எழுதி முடித்த அன்று அவருக்கு இருந்த திருப்தியைச் சொல்லி மாளாது.

அன்று முதல் இரண்டு முறை ரத்தம் கொதித்தது இந்தச் சண்டையால்; மூன்றாவது முறை டீச்சரால். டீச்சர் குழுவின் இன்னொரு அட்மின். கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவர். கீரை கோஷ்டி. அவருடைய நாய் பதினோரு வயசு, சைவம்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டி, ரத்தம் எடுத்துப் பார்த்து, அவர் எழுதிக்கொடுத்த அளவில் போடுகிறவர்.

"தம்பி, அந்த முறையீட்டுப் பெட்டியை என்னைக்காவது திறந்து பாத்தீங்களா?" என்று ஃபோனில் கேட்டார்.

"அதுல என்ன டீச்சர் இருக்கப்போகுது? உங்க ஆளுங்க என்னைச் சர்வாதிகாரின்னு திட்டியிருப்பாங்க."

"எனக்கு ஏது ஆளு? நானும் என் நாயும்தான். இருநூத்திப் பன்னெண்டு இருக்கு. எல்லாத்தையும் படிச்சேன். இருநூத்தி ஒன்பது திட்டுதான், நீங்க சொன்னது சரி."

"அப்புறம் என்ன? வேலையா இருக்கேன் டீச்சர், கதவைக் கழட்டிப் போட்டிருக்கேன்!"

"தம்பி, லிஃப்ட்ல மாட்டினவங்க மணி அடிச்சா மெஷினைப் பதில் சொல்ல விடுவீங்களா?"

இது அடிமடியில் கைவைத்த கேள்வி. லிஃப்டில் மணி அடித்தால் மனுஷக் குரல்தான் பதில் சொல்ல வேண்டும் என்று கம்பெனி கம்பெனியாகச் சண்டை போட்டவர் அவர். மாட்டிக்கொண்டவரிடம், "நான் இருக்கேன், வந்துட்டே இருக்கேன்" என்பதுதான் முதல் வார்த்தை. மற்றதெல்லாம் பிறகு.

"அது வேற, இது வேற" என்று முணுமுணுத்தார். டீச்சர் வைத்துவிட்டார்.

டீச்சர் வாயை அடைப்பதற்காகவே பெட்டியைத் திறந்தார். மீதி மூன்றை டீச்சர் மேலே நிறுத்தி வைத்திருந்தார். எழுதியவர் பெயர் "ஜன்னலோரம்". மூன்றும் அதே ஆள்.

முதலாவது, அந்த ஞாயிறு: "சண்டைக்கு வரவில்லை, உதவிக்குத்தான் கேட்டேன். என் பூனைக்கு ஒன்றரை வருஷமாகச் சைவம். இப்போது ஜன்னலுக்குத் தாவினால் தவறி விழுகிறது. சுவரை ஒட்டியே நடக்கிறது. பகலிலும் கண்மணி கறுப்பாக விரிந்தே இருக்கிறது. தயவுசெய்து பதிவை அழிக்காதீர்கள்."

பதில்: விதி ஏழை மீண்டும் படிக்கவும்.

இரண்டாவது, செவ்வாய்: "ஒரே கேள்வி. எந்த டாக்டரிடம் போகலாம்?"

பதில்: விதி ஏழை மீண்டும் படிக்கவும்.

மூன்றாவது, வியாழன்: "இதைப் பெரிய அட்மினிடம் காட்டுங்கள். அவருக்கு இந்தப் பூனையைத் தெரியும்." கீழே ஒரு படம். இடது காதில் ஒரு துண்டு இல்லை.

அதற்கும் அதே பதில். இப்படிக்கு, நிர்வாகம்.

லிஃப்ட்காரர் ஆறாவது மாடிப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நேராகக் கூப்பிட முடியாமல், என் மூஞ்சியில் முழிக்காதே என்ற அப்பனிடம் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து கேட்டிருக்கிறாள். அவர் அறுபத்துமூன்று பேரோடு சேர்த்து அவள் வாயையும் கட்டியிருக்கிறார். முட்டாள், முழு முட்டாள் என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மகளைக் கூப்பிட்டார். நாலாவது மணியில் எடுத்தாள்.

"நான்தாம்மா."

"விதி ஏழைப் படிச்சுட்டேன்பா" என்றாள். "மனப்பாடமே ஆயிடுச்சு."

"கிரீஸ் எப்படி இருக்கு?"

"வெள்ளிக்கிழமை நானே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். டாரின்னு ஒரு சத்து, பூனைக்கு அது சாப்பாட்டுலதான் கிடைக்கணுமாம். நான் சமைச்சதுல இல்லை. நீங்க சொன்னது சரிதான், போதுமா?"

"அதை விடும்மா. கண்ணு?"

"போனது போனதுதானாம். இதயமும் கொஞ்சம் வீங்கியிருக்கு. அதைச் சரி பண்ணலாம்னார். இப்ப அவர் சொல்ற சாப்பாடுதான் போடறேன். எனக்குக் குமட்டுது, ஆனா போடறேன்." அப்புறம் சொன்னாள்: "முதல் நாளே நீங்க பாத்திருந்தா, ஒரு ஆளாவது கூட இருந்திருக்கும்பா."

"நான் வரவா?" என்று மட்டும் கேட்டார்.

"வாங்க. ஆனா வந்து எதையும் நகர்த்தாதீங்க. சாமான் இடம் மாறினா அதுக்கு வழி தெரியாது."

சரியாகத்தான் சொன்னாள். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜையைத் தள்ளி வைத்து, ஆடுகிற காலுக்கு அட்டை கொடுக்காமல் அவருக்கு உட்காரத் தெரியாது.

உருளையை மாட்டி, கதவை நாலு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். பஸ்ஸில் ஏறியதும் அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்திவிட்டார். "மிச்சத்துக்கு நான் பதில் எழுதறேன், நீங்க போங்க" என்று டீச்சர் செய்தி அனுப்பினார். குழுவில் அதற்குள் புதுச் சண்டை, ஒரு முயலை வைத்து. "அட்மின் எங்கே?" என்று நூறு பேர் கேட்டார்கள். எங்கேயோ போகிறான் போங்கள் என்று ஃபோனைப் பைக்குள் போட்டார்.

மகள் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். சின்ன அறை. நாற்காலி அறைக்கு நடுவில், இருக்கக்கூடாத இடத்தில் கோணலாகக் கிடந்தது. கை பரபரத்தது. அப்படியே விட்டுவிட்டு, சுவரோரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து கிரீஸ் வந்தது. சுவரில் மீசையை உரசிக்கொண்டு, கதவு, அலமாரி, தண்ணீர்க் கிண்ணம் என்று தான் கற்றுவைத்திருந்த வழியில் தைரியமாகவே நடந்து வந்தது. நேராக வந்து அவர் முழங்காலில் முட்டி, திடுக்கிட்டுப் பின்வாங்கியது. அந்த இடத்தில் நேற்றுவரை எதுவும் இருந்ததில்லை.

அவர் பதறிக் காலை இழுக்கப்போனார்.

"எடுக்காதீங்கப்பா" என்றாள் மகள். "அங்கேயே இருங்க. அது கத்துக்கும்."