மடியில் இருந்த உப்பு

குளிப்பாட்டுவதற்காகத் தாண்டவராயனின் வேட்டியைத் தளர்த்தியபோது, மடியிலிருந்து ஒரு பொட்டலம் நழுவி ஈரத் தரையில் விழுந்தது. தேக்கிலையை மடித்து வாழைநாரால் கட்டிய சின்னப் பொட்டலம். தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த மருமகள் புவனாவுக்கு அது என்னவென்று முதலில் புரியவில்லை. பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம்தான் குனிந்து எடுத்துப் பிரித்தாள். உள்ளே கல் உப்பு. ஒரு பிடிகூடத் தேறாது.

அழுது கொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது, உப்பு?"

"வாரா வாரம் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போவாரே. மலையில அட்டை ஏறும்ல, அதுக்கு வச்சிருப்பாரு."

"இந்த வெயில்ல ஏது அட்டை? பல்லு வலியா இருக்கும்."

"யாரோ மந்திரிச்சுக் குடுத்திருக்காங்க. கைய வைக்காத சம்பூர்ணம், கீழ போடு."

சாவு வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் யோசனைக்குப் பஞ்சம் வராது. ஆளுக்கொன்று சொன்னார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் சகுந்தலா மட்டும் மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக் கொண்டு எழுந்தாள்.

"அட்டையும் இல்ல, மந்திரமும் இல்ல. நாக்கு செத்துப் போச்சு எங்கப்பாவுக்கு. பெத்த மவன் வூட்ல உப்பில்லாத சோறு. மனுசன் திருடித் தின்னுட்டுக் கீறாரு."

அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கூடியிருந்தவர்கள் எல்லாரும் புவனாவைப் பார்த்தார்கள்.

புவனாவின் கணவன் கோகுலகிருஷ்ணன் பொட்டலத்தைச் சம்பூர்ணத்தின் கையிலிருந்து வாங்கினான். திரும்ப நாரைச் சுற்றி முடிந்தான். "அவரு வச்சிருந்தது. அவரோடவே போவட்டும்" என்றான். குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டியதும் அந்த மடியிலேயே செருகிவிட்டான்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் புவனா சமையலறைக்குள் போனாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதோடு ஒரு குறுகுறுப்பும். மாமா தன்னை ஏமாற்றினாரா?

உப்பு என்றால் அவளுக்குப் பயம். அவளைப் பெற்றவர் சிறுநீரகம் கெட்டுப் போய் வேலூர் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து, உடம்பு ஊதிச் செத்ததைப் பார்த்தவள். அதனால் மாமனாருக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். குழம்பில் பாதி உப்பு, மோரில் உப்பே கிடையாது. தட்டில் மேலே போட்டுக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அபிநயாவுக்கும் அதே சட்டம்தான். சின்ன வயதிலேயே நாக்கைப் பழக்கிவிட்டால் பெரியவளானதும் பிழைத்துக் கொள்வாள் என்பது புவனாவின் கணக்கு. கோகுலகிருஷ்ணன் முனகிப் பார்த்தான், பிறகு மலைப்பாதையில் வேன் ஓட்டுகிற சாக்கில் வழியில் பஜ்ஜி தின்று சமாதானமாகிவிட்டான். அபிநயா ஒரு வாரம் அழுதாள்.

மாமனார்தான் அவளை வியக்க வைத்தவர். முதல் நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் தானாகவே வந்து உட்கார்ந்தார். "சரிம்மா, நீ சொல்ற மாதிரியே ஆவட்டும்" என்றார். அன்றிலிருந்து எதைப் போட்டாலும் "நல்லாக் கீதும்மா" என்றுதான் சாப்பிட்டார். அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் தினமும் உலை வைத்தாள். இன்று விடியற்காலை மாட்டை அவிழ்க்கப் போனவர் தொழுவத்திலேயே சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து, பார்த்து, ஆளில்லாமலே திரும்பிப் போனது.

புவனா பரணில் கைவிட்டு ஜாடியை இறக்கினாள். உள்ளே இருந்தது பொடி உப்பு. மடியில் இருந்தது கல் உப்பு. அப்படியானால் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஜாடியை மேலே ஏற்ற மனமில்லாமல் அடுப்பு மேடையிலேயே விட்டாள்.

நல்ல வேளையாக, பதில் தெரிந்தவன் தானாகவே வாசலுக்கு வந்தான். தெருமுனைக் கடைக்காரன் தேவராஜ், மொபெட்டின் முன்னால் அரை மூட்டை கல் உப்பை வைத்துக் கொண்டு வந்து நின்றான். அவர்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை, புதைப்பார்கள். குழியில் உப்பைக் கொட்டித்தான் ஆளைக் கிடத்துவார்கள்.

மூட்டையைப் பார்த்ததும் சகுந்தலாவுக்கு அடக்க முடியவில்லை. "உசுரோட இருந்தப்ப ஒரு கல்லு இல்ல. இப்ப அரை மூட்ட! தின்னுப்பா, வயிறாரத் தின்னு!" என்று மார்பில் அடித்துக் கொண்டாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் புவனா தேவராஜிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணே, மாமா உங்க கடையில உப்பு வாங்குவாரா?"

தேவராஜ் சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். "வாங்குவாருங்க. சந்தைக்குப் போய் வர்றப்பெல்லாம் ஒரு புடி. தேக்கெல அவரே கொண்டாருவாரு. யாருக்குன்னு கேட்டா பேத்திக்குன்னுவாரு. நான் நம்பலீங்க. கெழவரு தன் ஆசைய பேத்தி தலையில போடுறாருன்னு சிரிச்சிக்கினேன்."

புவனா அபிநயாவைத் தேடிப் போனாள். காலையிலிருந்து குழந்தை அழவுமில்லை, பக்கத்தில் வரவுமில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தொழுவத்துக்குப் பின்னால் வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அபிநயா. அம்மாவைக் கண்டதும் முழங்காலைக் கட்டிக் கொண்டாள்.

"அடிக்கப் போறியா?"

"இல்ல. தாத்தா உனக்கு உப்பு குடுப்பாரா?"

அபிநயா இல்லையென்று தலையாட்டினாள். மூக்கின் மேல் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"அடிக்க மாட்டேன்டி. சொல்லு."

"கையில குடுக்க மாட்டாரு. கையில உப்பு குடுத்தா சண்ட வந்துடும்னு கல்லு மேல வைப்பாரு. நான் எடுத்துக்குவேன். நெல்லிக்காய்க்கு, இல்லன்னா புளியங்காய்க்கு."

"தாத்தா?"

"தாத்தா தின்ன மாட்டாரு. பாத்துக்கினு இருப்பாரு."

"பொய் சொல்லாத."

"சத்தியமா! நான் குடுத்தேன், ஒரு வாட்டி. வேணாம், ஒரு கல்லு வச்சா ஓராயிரம் கேக்கும் இந்த நாக்குன்னாரு. அப்புறம்..." அபிநயா நிறுத்திக் கொண்டாள்.

"அப்புறம்?"

"எப்டிக் கீது, சொல்லுன்னு கேப்பாரு. நான் சொல்லணும். மொதல்ல சுருக்குன்னும். அப்புறம் தாடைக்குக் கீழ தண்ணி ஊறும். அப்புறம் நெல்லிக்கா கசப்பு போயிடும். தண்ணி குடிச்சா இனிக்கும். நல்லா சொன்னாத்தான் அடுத்த காய் தருவாரு. சும்மா நல்லாக் கீதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாரு. அதெல்லாம் நான் ஒங்கம்மாகிட்ட சொல்றது, நீ நெசத்த சொல்லுன்னுவாரு."

புவனா அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். மாமா ஏமாற்றவில்லை. வாய் திறந்து கேட்கவுமில்லை. உப்பை மடியிலேயே வைத்துக் கொண்டு, அதன் ருசியை ஒரு குழந்தையின் வாயால் கேட்டுத் தெரிந்து கொண்டிருந்திருக்கிறார். திருடித் தின்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று நினைத்தாள்.

"ஒரு வாட்டி நல்லால்ல தாத்தான்னு பொய் சொன்னேன். பாவமா இருந்திச்சு" என்றாள் அபிநயா. "கண்டுபுடிச்சிட்டாரு. பொய் சொன்னா உன் மூக்கு வேர்க்குதுன்னு சிரிச்சாரு."

பிறகு, காலையிலிருந்து வயிற்றில் வைத்திருந்ததைக் கேட்டாள். "நான் உப்பு தின்னதாலயாம்மா தாத்தா செத்துட்டாரு?"

"இல்லடி கண்ணு. இல்லவே இல்ல." புவனா மகளை இழுத்து மடியில் போட்டுக் கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அபிநயா கொஞ்ச நேரம் அம்மாவின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "அந்த மூட்டையில இருக்கறது எல்லாம் தாத்தாவுக்கா? டாக்டர் வேணாம்னாரே?" என்று கேட்டாள்.

பறை அடித்து எடுத்துப் போனார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பி, வீட்டைக் கழுவிவிட்டுத் தலை முழுகினார்கள். ஆண்கள் காரியம் முடித்து ஏரியில் குளித்து வரும்போது பொழுது மலைப் பக்கம் சாய்ந்திருந்தது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று சம்பூர்ணம் தன் வீட்டிலேயே சோறும் பருப்புக் குழம்பும் பொங்கிக் கொண்டு வந்திருந்தாள். எல்லாரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சகுந்தலா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, நாலு பேர் வற்புறுத்திய பிறகு ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றது பாதியில் நின்றது. சம்பூர்ணத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சம்பூர்ணக்கா, உப்பே போடலியா?"

"இந்த வூட்ல தின்ன மாட்டாங்களே! ஊருக்கே தெரியும்" என்றாள் சம்பூர்ணம் வெகுளியாக. "உங்களுக்குப் பாத்துத்தான் அரைக் கரண்டி போட்டேன். தப்பாடிம்மா?"

சகுந்தலா தட்டையே பார்த்துக் கொண்டிருந்தாள். வாயில் இருந்ததை விழுங்க அவளுக்கு நேரமாயிற்று.

"இதையா அப்பா தினமும்..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டாள்.

"அண்ணி" என்றாள் புவனா. காலையிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. "மாமா திருடித் தின்னல. அது பாப்பாவுக்கு வாங்கினது. அவரு ஒரு கல்லுகூட வாயில வைக்கல."

"பின்ன?"

"அவ தின்னுட்டு எப்டிக் கீதுன்னு சொல்லுவாளாம். இவரு கேட்டுக்குவாராம்."

சகுந்தலா வாயைத் திறந்தாள். திட்டத்தான் போகிறாள் என்று புவனா காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக் கொள்வது என்றுதான் இருந்தாள். ஆனால் சகுந்தலா திரும்பி, தட்டில் சோற்றை அளைந்து கொண்டிருந்த அபிநயாவைப் பார்த்தாள். அப்பாவின் காது, அப்பாவின் பேச்சு எல்லாம் அந்தப் பெண்ணிடம் எங்கேயோ மிச்சமிருப்பது போல உற்றுப் பார்த்தாள்.

புவனா எழுந்து உள்ளே போனாள். அடுப்பு மேடையில் விட்டிருந்த ஜாடியைக் கொண்டு வந்து, மூடியைத் திறந்து, மகளின் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"போட்டுக்க."

அபிநயா ஜாடியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இன்னொரு முறை சொல்லட்டும் என்று காத்திருந்து, அம்மா வேறு ஒன்றும் சொல்லாததால், இரண்டு விரலால் கொஞ்சமே கொஞ்சம் எடுத்துத் தூவிப் பிசைந்தாள். ஒரு வாய் உருட்டிப் போட்டுக் கொண்டாள்.

"எப்டிக் கீது?" என்று கேட்டாள் புவனா. "சொல்லு."

சகுந்தலா கையை வாய்க்குக் கொண்டு போகாமல் நிறுத்தினாள். அபிநயா உடனே சொல்லிவிடவில்லை. கண்ணை மூடிக் கொண்டு, நன்றாக மென்று, யோசித்தாள்.