வலி தீர்த்த ஊசி

செவலை மாடு படுத்த படுக்கையாகிவிட்டது. பால்காரர் தவிட்டைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனார். நாக்குகூட நீளவில்லை. வீங்கிய பின்னங்காலைத் தொட்டால் முனகியது. உள்ளே அவர் மனைவி பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அழுகையை மறைக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

கால்நடை டாக்டரம்மா ஒரு ஊசி போட்டிருந்தாள். வயசான மாடு, பிழைப்பது கஷ்டம் என்றும் சொல்லியிருந்தாள். பிழைக்காவிட்டால் போகட்டும், வலி நின்றால் போதும் என்றிருந்தது பால்காரருக்கு. மருந்துக்கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு குப்பியை நீட்டினார். மனிதர்களுக்கான வலி மருந்து. மாட்டுக்குப் போடக்கூடாது என்று தடை செய்யப்பட்ட சரக்கு.

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்கண்ணே. மாடு எழுந்து டான்ஸ் ஆடும்."

பால்காரரே ஊசி போட்டார். செவலை ஆடவில்லை. ஆனால் முனகல் நின்றது. அவர் மடியில் தலை சாய்த்தபடியே போய்ச் சேர்ந்தது.

செத்த மாடுகளைப் பழைய கல்குவாரியில்தான் போடுவார்கள். அங்கே பாறை இடுக்கில் ஒரு ஜோடிப் பாறு கழுகுகள். ஒரு காலத்தில் வானத்தையே மறைத்த பெருங்கூட்டத்தில் மிச்சம் அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரே முட்டை இடுகிற இனம். கூட்டில் ஒரு குஞ்சு வளர்ந்துகொண்டிருந்தது. அதனால் என்ன மருந்து போட்டது என்று விசாரித்து டாக்டரம்மா சரி சொன்னால்தான் குவாரியில் மாடு இறங்கும். இல்லாவிட்டால் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

செவலையை வண்டியில் ஏற்றும்போது அவள் கேட்டாள்.

"நான் போட்டதைத் தவிர வேற ஊசி ஏதாவது போட்டீங்களாய்யா?"

போட்டேன் என்றால், அவளை நம்பாமல் இன்னொருவரிடம் போனதாக ஆகும். பெற்ற மகள் வயசு. அந்த முகம் வாடுவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

"இல்லம்மா."

கழுகுகள் இறங்கின. வயிறாரத் தின்றன. குஞ்சுக்கும் கொண்டுபோயின.

பிறகு இரண்டும் குவாரி ஓரத்து மரக்கிளையில் தலை தொங்க உட்கார்ந்தன. கழுத்தை நிமிர்த்தும், மறுபடி சரியும். முதலில் பெண் விழுந்தது. ஆண் கூட்டை நோக்கி எழும்பி, பாதியில் பாறையில் மோதி விழுந்தது.

டாக்டரம்மா செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தாள். உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. நேராகப் பால்காரர் வீட்டுக்கு வந்தாள். திட்டவில்லை. மருந்து மாட்டின் உடம்பில் தங்கிவிடும், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செத்துப்போகும் என்று மட்டும் சொன்னாள். பால்காரர் எல்லாவற்றையும் கொட்டினார். கடைக்காரர் பெயர் உட்பட.

"ஏன்யா மறைச்சீங்க?"

"நீ வருத்தப்படுவியேன்னுதாம்மா."

"வருத்தம் ஒரு நாள்ல போயிருக்குமேய்யா."

குஞ்சையாவது காப்பாற்ற வனத்துறை ஆள் கயிறு கட்டிப் பாறையில் இறங்கினார். பால்காரர் அண்ணாந்து பார்த்தபடி கைகூப்பி நின்றார். இறங்கியவர் துண்டில் சுற்றிய எதையோ மெதுவாகத் தரையில் வைத்தார். அது அசையவில்லை.

பால்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். செவலையை ஏற்றி வந்த வண்டிக்காரன் அவர் தோளைத் தொட்டான்.

"விடுண்ணே. பிணந்தின்னிக்குப் போய் இவ்வளவு அழுவாங்களா?"

"அதுங்க பிணத்தைத் தின்னு ஊரைச் சுத்தமா வச்சிருந்துச்சுடா. நாமதான் உசுரைத் தின்னுட்டோம்," என்றார் பால்காரர். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "மாட்டு வலிக்குப் பாறு கழுகைக் கொல்லாத மருந்து டாக்டரம்மாகிட்டயே இருக்கு. தடை பண்ணின மருந்தைத் தொடாதீங்க. தெரியாம போட்டுட்டா வாயைத் திறந்து சொல்லிடுங்க. நான் போட்ட ஊசிக்குக்கூட மருந்து இருந்துச்சு, ஒரு குழி. நான் சொன்ன பொய்க்குத்தான் இல்லாமப் போச்சு."