மெதுவாகச் சொல்ல வேண்டியது

அப்பா சாப்பிட உட்கார்ந்தால் இப்போதெல்லாம் எழுந்திருக்க வெகுநேரமாகும். ஒரு வாய் எடுப்பார், மெல்லுவார், கண்ணை மூடிக்கொள்வார், சன்னலுக்கு வெளியே பார்ப்பார், பிறகுதான் அடுத்த வாய். அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருப்பாள், அவருக்கு இன்னும் என்ன வேண்டுமோ என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோதும் அதே இடத்தில்தான் நின்றாள். நின்ற விதம்தான் சரியில்லை. கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பவள்போல நின்றாள். அவளுடைய இடது பக்கம் போய் நின்று, என்ன என்று கையால் கேட்டேன். அவள் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்பா மெல்வதை நிறுத்திவிட்டு, "மெதுவா, மெதுவா. என்ன அவசரம்?" என்றார்.

இதைச் சொல்கிற வாய்தான் ஒரு காலத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தது. அப்பா பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். வண்டி வாசலைத் தாண்ட அரை நிமிடம் தாமதமானால் ஓட்டுநரின் பரம்பரையையே இழுப்பார். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் விசில். பணிமனையோடு விட்டாரா என்றால் இல்லை, வீட்டையும் ஒரு பேருந்தாகத்தான் ஓட்டினார். குளியலறைக் கதவைத் தட்டுவார், சாப்பாட்டு மேசையைத் தட்டுவார், பரீட்சைக்குப் படிக்கும் என் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைத் தட்டுவார். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நான் சடை பின்னியது பாதி வீட்டில், பாதி மாடிப்படியில். அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள்போல் எப்போதும் ஓட்டம்தான். தாமதமான அன்று அவர் கத்தும் கத்தலில் மேல்மாடிக்காரர்கள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள். நாகரிகமான மனிதர்கள்.

ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது, பணிமனை வாசலிலேயே விசிலை வாயில் வைத்தபடி சரிந்தார். நெஞ்சைப் பிளந்து தைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அனுப்பும்போது மருத்துவர் அவரிடம், இனிமேல் எதற்கும் ஓடக்கூடாது, பதறக்கூடாது என்றார். எங்களைத் தனியே அழைத்து, திடுக்கிடுகிற செய்தி எதையும் அவரிடம் சட்டென்று போட்டு உடைக்காதீர்கள் என்றார். எல்லா நோயாளிக்கும் சொல்வதுதான். எல்லாரும் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். ஆனால் அப்பா உத்தரவுக்குக் கட்டுப்பட்ட ஆள். தலைமையகத்துச் சுற்றறிக்கையைப்போல அதை அமல்படுத்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் பூட்டினார். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி, "இது இனிமே நம்ம வீட்டுக்கு வேணாம்" என்று அம்மாவிடம் கொடுத்தார். காலையில் சன்னலோரம் அசையாமல் உட்காருவார், அப்போது யாரும் பேசக்கூடாது. பிறகு பூந்தொட்டிகளுக்கு ஒரு குவளையால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிறகு உறக்கம். மாலையில் பூங்கா. அங்கே அவரைச் சுற்றி ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. பதறாத காரியம் சிதறாது என்று அவர் தொடங்கினால், மேல்மாடிக்காரர் உட்பட எல்லாரும் தலையாட்டுவார்கள். விசில் போய் 'நிதானம் சார்' ஆகிவிட்டார்.

கேலி பேசுகிறேனே தவிர, அந்த மாற்றம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நான் பல் மருத்துவமனையில் உதவியாளர். வேலையில் சேர்ந்து பல வருடம் கழித்து ஒருநாள் அப்பா, "உன் வேலை எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். காத்திருந்ததுதான் விஷயம். மயக்க ஊசி போடுவதற்கு முன்பே வாய் கோணிவிட்டதாகச் சொல்லி அழுத ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று பேருந்தில் திரும்பும்போது முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு அப்பா எனக்கு முதலிலேயே கிடைத்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாகக்கூட இருந்தது.

அம்மாவிடம் கொடுத்த கடிகாரம் சமையலறையில் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் நிறுத்த முடியாது. காலை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன் மாத்திரை, பின் மாத்திரை, உப்பில்லாமல் அவருக்கொரு சமையல், குழாயில் தண்ணீர் வரும் நேரம், எல்லாம் அதில்தான் இருந்தது. அப்பா நேரத்தைத் துறந்தது உண்மைதான். துறந்ததை எடுத்து அம்மாவின் இடுப்பில் சொருகிவிட்டிருந்தார். அவர் உட்கார உட்கார அவள் ஓட்டம் கூடியது. அதுவும் சத்தமில்லாமல் ஓட வேண்டும். பாத்திரம் மோதக்கூடாது, கதவு அடிக்கக்கூடாது, மூச்சு வாங்குவது கூடத்துக்குக் கேட்கக்கூடாது.

செய்தி சொல்வதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உருவானது. எந்தக் கெட்ட செய்தியையும் துண்டு துண்டாக்கி, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒரு துண்டு, மறுநாள் ஒரு துண்டு என்று கொடுப்பாள் அம்மா. அப்பாவின் பழைய சிநேகிதர், ஒரு ஓட்டுநர், திடீரென்று இறந்துபோனார். அம்மா முதல்நாள் அவருக்கு உடம்பு சுகமில்லை என்றாள். அடுத்த நாள் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம் என்றாள். மூன்றாம் நாள் கொஞ்சம் கவலைக்கிடம் என்றாள். நான்காம் நாள் அவரைச் சாகடித்தாள். "பாவம், நாலு நாளா இழுத்துக்கிட்டு கிடந்திருக்கான்" என்று அப்பா பெருமூச்சு விட்டார். அதற்குள் அந்த மனிதரை அடக்கம் செய்து மூன்று நாளாகியிருந்தது. நானும் அம்மாவும் சமையலறைக்கு ஓடிப்போய், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். வேறென்ன செய்வது.

சொல்லிச் சொல்லி அதுவே அவளுக்குப் பேச்சாகிவிட்டது என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. சமையலறைக்குள் இழுத்துப்போய் என்னவென்று கேட்டேன். முதலில், ராத்திரி தூக்கம் சரியில்லை என்றாள். மிளகாய் வறுத்தேன், கண் எரிகிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பூச்சி பறக்குற மாதிரி இருக்கு" என்றாள். நான் அப்பாவா என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு, "மொத்தத்தையும் ஒரே தடவையா சொல்லும்மா" என்றேன்.

"இடது கண்ணுல திரை போட்ட மாதிரி இருக்கு. ஓரத்துலேர்ந்து வந்துச்சு. இப்ப முழுசா மூடிடுச்சு."

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமை."

அன்று காலையில் அவள் கண்ணுக்குள் மின்னல் வெட்டியிருக்கிறது. கறுப்பு நூல்கள் மிதந்திருக்கின்றன. அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது அப்பா சன்னலோரம் கண்மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் தூங்கினார். எழுந்து பூங்காவுக்குப் போனார். அதற்குள் ஓரத்தில் நிழல் தட்டியிருக்கிறது. திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்று இவள் வாயைத் திறக்கும்போது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒருநாளாவது என்கூட வந்து சும்மா உட்காரேன்" என்றிருக்கிறார். இவள் உட்கார்ந்தாள். அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு அப்படிப் பிடிச்சதில்லடி. எதிர்ல வானம் செக்கச்செவேல்னு இருக்கு, அவரு காட்டிக்கிட்டே வர்றாரு. எனக்குப் பாதிதான் தெரியுது. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது?"

"மறுநாள் சொல்லியிருக்கலாமே. எனக்காவது ஒரு போன் போட்டிருக்கலாமே."

"நீ பதறி அடிச்சுக்கிட்டு வருவ. நீ வந்தா அவரும் பதறுவாரு." டப்பாக்களைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தாள். "அவரு நெஞ்சுக்கு மட்டும் நான் பயப்படலடி. அவரு பதறினா அந்தப் பழைய ஆளு திரும்ப வந்துருவாரு. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் எனக்கு ஒரு புருஷன் கிடைச்சிருக்காரு."

செருப்பை மாட்டினேன். துணிக்கடைக்குப் போய் வருகிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன். "பாத்து, மெதுவா போங்க" என்று வழியனுப்பினார்.

கண் மருத்துவர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். விளக்கை அடித்துப் பார்த்தாள். எப்போது ஆரம்பித்தது என்றாள். திங்கட்கிழமை என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள். "விழித்திரை பிரிஞ்சிருக்கும்மா. மின்னல் தெரிஞ்ச அன்னைக்கே ஓடி வந்திருக்கணும். ஒரு நாள்கூட தள்ளிப் போடுற விஷயமில்ல இது." ஓடி வந்திருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் எங்களிடம் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாகியிருந்தது. அம்மா என்னவோ அடுப்பில் பால் பொங்கிவிட்டதைப்போல, "அப்படியா டாக்டர்" என்றாள்.

மறுநாளே அறுவை நடந்தது. அதற்குப் பிறகு பல நாட்கள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்றார்கள், விழித்திரை பழையபடி ஒட்டிக்கொள்வதற்காக. வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மா ஓய்வெடுத்தாள், என் வீட்டில், தரையைப் பார்த்துக்கொண்டு. தலையணைக்குள்ளிருந்து மணி கேட்பாள். சொன்னால், "போன் போட்டு நீல மாத்திரையைப் போடச் சொல்லு" என்பாள். ஒட்டிய இடத்தில் விழித்திரை நிற்கவில்லை. மறுபடி பிரிந்தது. இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்று மருத்துவர் சொன்னபோது, இடது கண் கதவடைத்த அறையாகிவிட்டிருந்தது.

அப்பாவுக்கு முதல் துண்டு மட்டும் கொடுக்கப்பட்டது. கண்ணில் புரை, சின்ன சிகிச்சை. "வயசானா வர்றதுதானே. இருந்து நல்லா ஓய்வெடுத்துட்டு வரட்டும்" என்றார். அடுத்த துண்டை எப்போது கொடுப்பது என்று நான் கேட்கும்போதெல்லாம் அம்மா, "பாத்துக்கலாம்" என்பாள். கண்ணை இழந்தவளுக்கு 'பாத்துக்கலாம்' எத்தனை சுலபமாக வருகிறது என்று எனக்குக் கோபம் வரும். அவளை என்ன கோபித்து என்ன.

நேற்று முன்தினம் போயிருந்தேன். அப்பாவும் மேல்மாடிக்காரரும் சன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சமையலறையிலிருந்து தட்டில் தேநீர் எடுத்து வந்தாள். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது. படி எங்கே இறங்குகிறது, மேசை எங்கே முடிகிறது என்பதை அவள் இப்போது காலாலும் கையாலும்தான் அறிந்துகொள்கிறாள். ஓர் அடி வைத்து, நின்று, விரல் நுனியால் சுவரைத் தொட்டு, அடுத்த அடி. மேசையின் விளிம்பை முழங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தட்டை இறக்கினாள். அதற்கு வெகுநேரம் பிடித்தது. அப்பா அதை முகமெல்லாம் மலரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் மேல்மாடிக்காரரிடம். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதுன்னு இருந்தவ. ஒரு இடத்துல நிக்கமாட்டா. தப்பு என்மேலதான், நான்தான் விசிலை ஊதி ஊதி ஓட வெச்சேன். இப்ப பாருங்க, எப்படி நடக்குறா. நான் ஒரு வார்த்தை சொல்லல. தானாவே வந்துருச்சு."

"உங்க பக்கத்துல இருந்தா வராம இருக்குமா சார்" என்றார் அவர்.

அம்மா சிரித்தாள். வெட்கப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் தப்பை ஒப்புக்கொள்கிறார், அதுவும் ஊரார் முன்னால். இதற்காகத்தான் அவள் காலமெல்லாம் ஏங்கினாள். அது எந்த விலைக்கு வந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியாது. மேல்மாடிக்காரர் எழுந்து போகும்வரை பொறுத்திருந்தேன். அம்மா அப்பாவின் பக்கத்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். அப்பா தன் கையாலேயே ஒரு கோப்பையை எடுத்து அவளுக்கு வைத்தார். இடது பக்கம் வைத்தார்.

"அப்பா" என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அம்மா தலையை முழுதாகத் திருப்பி, மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு கண்ணில் இரண்டு கண்ணின் கெஞ்சலும் இருந்தது.

அப்பா நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். இப்படி என் பேச்சைக் கேட்க அவர் உட்காருவதற்காக நான் ஒரு பிள்ளைப்பருவத்தையே கொடுத்திருப்பேன்.

"சொல்லும்மா" என்றார். "மெதுவா சொல்லு. எனக்கென்ன, நேரம் நிறைய இருக்கு."

சமையலறையில் டப்பாக்களுக்குப் பின்னால் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்து, பெருமையோடு எனக்குக் கண்ணைக் காட்டினார், பார், எவ்வளவு பொறுமை என்பதுபோல. அவளுக்குத் தெரியாத அந்தக் கோப்பையில் ஆவி அடங்கி, தேநீரின் மேல் மெல்ல ஆடை படர்ந்துகொண்டிருந்தது.