கதவுக்கு முதுகு காட்டியவர்

அந்த மாடி அறையில் இருப்பது வட்ட மேஜைதான். ஆனால் அதைச் சுற்றி வட்டமாக யாரும் உட்கார்ந்ததில்லை. குரூப் போட்டோவுக்கு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் சுவரை ஒட்டி, கதவைப் பார்த்தபடி ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொள்வார்கள். முழங்கை இடிக்கும், ஒருவர் டீ இன்னொருவர் மடியில் கொட்டும். இருந்தாலும் கதவுக்கு முதுகைக் காட்ட ஒருத்தருக்கும் மனசு வராது. ஒரு பெரிய துணிக்கடைக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து கண்மண் தெரியாமல் சுட்ட நாளில் உயிர் தப்பியவர்கள் அவர்கள். வாரம் ஒருநாள் இங்கே கூடிப் பேசுவார்கள்.

அதனால்தான், புதிதாக வந்த மனிதர் காலியாகக் கிடந்த பக்கத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி ஹாயாக உட்கார்ந்ததும் போலீஸ் அக்காவுக்குப் பொறி தட்டியது.

அக்கா போலீஸ் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் பொய்க் கிளைம்களை மோப்பம் பிடிக்கிற வேலை. பட்டப்பெயர் வைத்தது ஹோட்டல் மாஸ்டர். அந்தத் துணிக்கடையில் தம்பியைப் பறிகொடுத்தவர். ஆனாலும் இந்த அறையில் அதிகம் சிரிக்க வைப்பதும் அவர்தான்.

போன வருஷம் இப்படித்தான், தானும் தப்பியவள் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கூடவே உட்கார்ந்து அழுதாள், எல்லாருடைய கதையையும் கேட்டுக்கொண்டாள், டிவிக்கு விற்றுவிட்டாள். ஊர் வாயை எல்லாம் திறக்கச் சொல்கிற பல் டாக்டரம்மா அதற்கப்புறம் மாதக்கணக்கில் தன் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு டூப்ளிகேட் வந்தால் அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். கூட்டமும் கலைந்துவிடும். வாரத்தில் அக்கா நிம்மதியாகத் தூங்குவதே கூட்டம் நடக்கிற நாளில்தான். விடுவாளா?

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஸ்டோர் ரூம்லங்க."

வசமாக மாட்டினான் என்று நினைத்தாள் அக்கா. ஸ்டோர் ரூம் இருட்டில் ஒளிந்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி. போலீஸ் உள்ளே வந்து டார்ச் அடித்தபோது ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். இந்த மூஞ்சி அதில் இல்லை. இதில் நொண்டிக்கொண்டு வேறு வந்திருக்கிறார். காலில் குண்டு பட்டுப் பிழைத்தவர் அங்கே யாருமே கிடையாது. ஓவர் ஆக்டிங்!

அக்கா தூண்டிலைப் போட்டாள். "உள்ள ஒரு பச்ச பல்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஆமாங்க, இருந்துச்சு."

அங்கே பல்பும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவர் ஆணியில் தொங்கிய கைப்பையை எடுத்தார். "எந்த சேனல்யா நீ?" என்று எழுந்தாள் அக்கா.

அப்போது கீழே யாரோ இரும்பு ஷட்டரைத் தடாலென்று இறக்கினார்கள்.

மாஸ்டர் மேஜைக்கு அடியில். டாக்டரம்மா மாஸ்டருக்கு மேல். அக்காவின் கால்கள் அவளைக் கேட்காமலே கதவை அடைக்க ஓடின. அவளுக்கு முன்னால் அந்த மனிதர் போயிருந்தார். கதவைச் சாத்தி, முதுகை அதில் அழுத்தி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். அக்கா போய் அவர்மேல் மோதினாள்.

"என் கால் மேல நிக்கிறீங்க," என்று கிசுகிசுத்தார் அவர். "பரவால்ல. அசையாதீங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று இருட்டில் கேட்ட அதே குரல், அதே வார்த்தைகள். உயிர் போகிற அந்தப் பயத்திலும் அன்று அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு வந்ததை வெட்கப்பட்டுக்கொண்டு கூடப்பிறந்த தங்கச்சியிடம்கூட அவள் சொன்னதில்லை.

"அன்னைக்கும் இதத்தான சொன்னீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். பார்வை அவள் செருப்புக்குப் போனது.

"அன்னைக்கு ஹீல்ஸா?"

"ஹீல்ஸ்தான்."

"அடக் கடவுளே, நீங்கதானா! ரெண்டு விரல் முறிஞ்சு போச்சுங்க. போலீஸ் குரல் கேட்டதும் கதவத் திறந்து மொத ஆளா வெளிய விழுந்தேன். நடக்க முடியலன்னு அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ பச்ச பல்பு?"

"நான் கண்ணயே திறக்கலயேங்க. நீங்க சொன்னா எரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." அவர் கதவிலிருந்து இன்னும் முதுகை எடுக்கவில்லை. "வெளியிலேர்ந்து கைப்பிடிய அவன் திருப்பினது முதுகுல தெரிஞ்சுது. அதுலேர்ந்து கதவு கண் முன்னாடி இருந்தா பயம். முதுகுக்குப் பின்னாடி இருந்தா, நாம தாங்கிக்கலாம்னு ஒரு தைரியம்."

அக்கா ஓவென்று அழுதாள். நடுவே சிரிப்பும் வந்தது. இந்த முறை அதை அடக்கவில்லை.

"ஷட்டர்தாம்ப்பா," என்றது மேஜைக்கு அடியிலிருந்து மாஸ்டரின் குரல். "யாராவது டாக்டரம்மாவ என் மேலேர்ந்து இறக்குங்க."

"நானே இறங்கிக்கிறேன்," என்றார் டாக்டரம்மா. கைப்பையை மறுபடி ஆணியில் மாட்டினார்.

அக்கா தன் நாற்காலியை மேஜையின் மறுபக்கத்துக்கு இழுத்துப்போய், அவர் பக்கத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதுகு குறுகுறுத்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அவர் மட்டும் தன் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.