போர்வையை எடுங்க, மிஸ்ஸி

திரையில் தெரிந்தது அனுசியாவின் முதுகு மட்டும்தான். அந்த முதுகுக்குப் பின்னால் மோகனாவுக்கு வலிப்பு வந்து, உச்சத்துக்குப் போய், அடங்கியும் விட்டது. மோகனாவின் ஒரு விரல்கூடப் படத்தில் இல்லை.

"படம் நல்லா வந்திருக்குக்கா. கதாநாயகி நீங்கதான்," என்றான் ஹரிதாஸ்.

வலிப்பு நோயாளிகளை நாள் கணக்கில் படுக்க வைத்து, மூளை அலைகளையும் வீடியோவையும் சேர்த்துப் பதிவு செய்யும் பிரிவு அந்த மருத்துவமனைக்குப் புதிது. எல்லாரும் 'மிஸ்ஸி' என்று கூப்பிடும், வார்டில் கைதேர்ந்த நர்ஸ் அனுசியாவுக்கு அதில் பயிற்சி கொடுக்க, வயதில் இளையவனான டெக்னீஷியன் ஹரிதாஸ் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். வலிப்பு தொடங்கியதும் பட்டனை அழுத்து, போர்வையை விலக்கு, கேமராவை மறைக்காதே, பேச்சுக் கொடு. வகுப்பில் கேட்டபோது அத்தனையும் தடுமாறாமல் சொன்னவள்தான் அவள்.

ஆனால் காலையில் மோகனாவின் கால்கள் உதைத்து, நைட்டி முழங்காலுக்கு மேல் ஏறியபோது பாடமெல்லாம் பறந்துவிட்டது. கோயில் கூட்டத்தில் ஒரு பெண் இழுத்துக்கொண்டு விழுந்தால் சுற்றியிருக்கும் பெண்கள் முதலில் துணியைப் போட்டு மூடுவார்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். அதைப் பார்த்து வளர்ந்த கை அனுசியாவுடையது. ஒரு பக்கம் தாய் மங்களம் சாவிக்கொத்தை மகளின் கைக்குள் திணிக்க, மறுபக்கம் இவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"அலை பதிஞ்சிருக்குல்ல, தம்பி?"

"பதிஞ்சிருக்கு. ஆனா தொடக்கம் ஒரே கலங்கல். எந்தக் கை முதல்ல இழுத்துச்சுன்னு படத்துல தெரியணும்கா. அது தெரிஞ்சாத்தான் டாக்டர் ஆபரேஷனைப் பத்தியே யோசிப்பாரு. நாளைக்குக் காலையில பெட்டுக்கு அடுத்த ஆள் வராங்க." குரலைத் தாழ்த்தினான். "மெஷின் கோளாறுன்னு சொல்லிரலாமா?"

அனுசியா நேராக மோகனாவின் அறைக்கு நடந்தாள்.

ஆயர் குரோ தொழிற்சாலையில் மெஷின் பக்கத்திலேயே விழுந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் மோகனா. எந்த மருந்துக்கும் அவள் வலிப்பு அடங்கவில்லை. இப்போது தலை முழுக்க ஒயர்களை ஒட்டி, மேலே வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு, உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மோகனா, காலையில வந்தது வீடியோவுல விழல. நான்தான் மறைச்சுட்டேன்."

மோகனாவின் வாய் பாதியில் நின்றது. "என்ன மிஸ்ஸி! மாத்திரையக் குறைச்சு, வா வான்னு கூப்பிட்டு வர வச்சேன்லா!"

"பொம்பளப் புள்ள துணி விலகிக் கெடந்தா யாரு சும்மா நிப்பா?" என்று பாய்ந்தாள் மங்களம். "மிஸ்ஸி செஞ்சது சரிதான்."

"நீங்க சும்மா இருங்கம்மா. மூடி மூடித்தான் எந்தக் கை முதல்ல இழுக்குதுன்னு இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல."

அனுசியா வெளியே போய், நோயாளிகளுக்கான நீளக் காற்சட்டை ஒன்றோடு திரும்பினாள். "நைட்டி வேணாம், இதப் போடு. எப்படி உதைச்சாலும் விலகாது." பிறகு மங்களத்திடம், "அக்கா, மறுபடி வந்தா கட்டில்கிட்ட வராதீங்க. வாசல் திரையை இழுத்துப் பிடிச்சுக்குங்க. வெளியாள் கண்ணு ஒண்ணும் உள்ள வரக்கூடாது. அது உங்க பொறுப்பு."

"எம் புள்ள துடிக்கையில நான் வாசலுக்குக் காவலா?"

"பக்கத்துல நான் இருக்கேன்ல?"

"காலையிலயும் நீங்கதான் இருந்தீங்க!"

அறைக்கு வெளியே நின்றிருந்த ஹரிதாஸ் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மதியம் நகர மறுத்தது. மோகனா கையை அசைத்தாலே அனுசியாவின் கை பட்டனுக்குப் போனது.

"மூக்கு அரிக்குது மிஸ்ஸி, அவ்வளவுதான். வேணும்னு காத்திருந்தா வராது. சொந்தக்காரங்க கல்யாணம்னா கரெக்டா வரும்."

வந்துவிடு, வந்துவிடு என்று மனத்துக்குள் முணுமுணுத்ததை உணர்ந்து அனுசியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு நர்ஸ் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது?

தேநீர் நேரத்தில், புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் தன் வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மோகனா நடு வாக்கியத்தில் நின்றாள். இடது கட்டைவிரல் துடித்தது.

அனுசியா பட்டனை அழுத்தினாள். கோப்பையை அகற்றினாள். போர்வையை உருவிக் கீழே எறிந்துவிட்டு, கேமராவை மறைக்காமல் கட்டிலின் மறுபுறம் போய் நின்றாள். மங்களம் கட்டில்வரை ஓடி வந்தாள். அங்கேயே நின்றாள். ஒரு விம்மலோடு திரும்பி, போய் வாசல் திரையைப் பற்றினாள்.

"இடது கட்டைவிரல் முதல்ல. இப்ப கை முழுசும். முகம் இடது பக்கம் திரும்புது," என்று பதிவுக்காக உரக்கச் சொன்னாள் அனுசியா. "மோகனா, என் பேர் என்ன? வலது கையத் தூக்கு!"

பதில் இல்லை. உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது. அந்தக் கால்களைப் பிடித்து அமுக்க அனுசியாவின் கைகள் பரபரத்தன. பிடிக்கவில்லை. சற்று அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு சீராகிறதா என்று பார்த்தாள்.

"கிடைச்சிருச்சுக்கா!" பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தான் ஹரிதாஸ். "தொடக்கத்துலேருந்து தெளிவா இருக்கு. இனி டாக்டர் பாடு."

அனுசியா நாற்காலியில் சரிந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மோகனா கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்தாள். நாக்குக் குழறியது.

"அம்மா எங்க?"

வாசலில், கட்டிலுக்கு முதுகைக் காட்டியபடி, திரையின் இரு ஓரங்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள் மங்களம். கோப்பை எடுக்க வந்த ஆளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் வாலா! உள்ள எம் மக இருக்கா!"

வலிப்பு முடிந்துவிட்டது என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.